கறுப்பு வெளுத்ததற்குச் சாயம் காரணமன்று

பழைய சேலைத் துண்டுகளோடு தென்னாப்பிரிக்காவின் ஷ்வெஷ்வே என்னும் நீல அச்சுப் பருத்தித் துணியையும் சேர்த்து அரூப பாணியில் கலைக் குவில்ட் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி ஓவியம்) ஒன்றைத் தைக்க முனைந்திருக்கும், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவர், கடையில் கருகருவென்றிருந்த கறுப்புத் துணி நீலத்தின் அருகே வைத்ததும் பழுப்பேறி வெளுத்துத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறார். சாயம் மட்டமோ என்பது அவருடைய ஐயம்.

இதே ஐயம் பாரிஸின் கோபெலின் நெசவாலையிலும் எழுந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்த கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தபோது, 1824இல் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரூல் நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறமே கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டு, 1839இல் அதைப் புத்தகமாக விரித்தெழுதினார். நீலத்தை அடுத்திருப்பதன் மீது அதன் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயல் படிந்தாற்போல் நமக்குத் தோன்றும். கறுப்பின் மீது அது ஏறினால் பழுப்பாகாமல் என்ன செய்யும்?

இத்தகைய மாற்றங்கள் கண்ணிலேயே தொடங்குவதை அறிய நமக்கு உதவியது குதிரைலாட நண்டு. பல சிற்றறைகள் சேர்ந்த அதன் கூட்டுக்கண்ணில் ஒரேயொரு சிற்றறையின் மீது அமெரிக்க உடலியங்கியலாளர் ஹால்டன் ஹார்ட்லைன் ஒளியைப் பாய்ச்சியதும் அதன் நரம்பு விடாமல் துடிப்புகளை அனுப்பியது. அந்த ஒளியைச் சற்றும் குறைக்காமல் அண்டைச் சிற்றறைகளுக்கும் ஒளி காட்டினார். முதல் நரம்பின் துடிப்பு தளர்ந்தது. ஒவ்வோர் அறையும் தன் அண்டையை அடக்கிக்கொண்டேதான் பார்க்கிறது! நம் விழித்திரையில் ஒளியுணர் செல்களைக் குறுக்காக இணைக்கும் கிடைமட்டச் செல்கள் இதையொத்த வேலையைச் செய்வதால், கண் மூளைக்கு முதன்மையாகத் தெரிவிப்பது ஒளியின் அளவை அன்று, இடத்துக்கு இடம் அது வேறுபடுவதையே. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் உயிரியலில் படித்ததில்லை. ஹார்ட்லைன் 1967இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்; நண்டின் கண்ணால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இத்தகைய அறிவையே மறுக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வாசகி துணியை மாற்ற வேண்டியதில்லை. இடத்தை மாற்றிப் பார்க்கட்டும். சுவரில் ஃபிளானல் துணியை விரித்தால் பருத்தித் துண்டுகள் ஊசியின்றியே ஒட்டி நிற்கும். வழுக்கும் பட்டுக்கு மட்டும் குண்டூசி தேவை. அதே கறுப்பை மஞ்சளின் அருகே நகர்த்தினால் நீலம் பாய்ந்து ஆழ்ந்து தெரியும். நீலத்தின் பக்கத்திலேயே அது இருக்க வேண்டுமானால், இடையில் விரலகல வெளிர் சாம்பல் பட்டை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமெடுத்தால் நிறம் விலகி, வெளிச்சமும் இருளும் எங்கே குவிந்திருக்கின்றன என்பது புலப்படும்.

மெல்லிய பட்டைகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கறுப்பு வெள்ளை வரிகளில் கறுப்பு வரியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சாம்பல் துண்டை வைத்தால், இருபுறமும் வெள்ளை சூழ்ந்திருந்தும் அது வெளிறியே தெரியும். அண்டை அடக்குதலை மட்டும் நம்பினால் கருத்திருக்க வேண்டும். 1979இல் ஆய்வாளர் மைக்கேல் ஒயிட் வெளியிட்ட இத்தோற்றத்துக்கு விழித்திரையை மட்டும் வைத்து விளக்கம் தர இயலாது. மூளை எதை எதோடு சேர்த்துப் பார்க்கிறது என்பதும் இதில் கலந்திருக்கிறது. எனவே பட்டைகளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்த பின்னரே தையலைத் தொடங்க வேண்டும்.