கடல் பிள்ளையும் தடாக விதியும்

திருகோணமலைக் கரையில், திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ வளரும் பிள்ளைக்கு நீந்தச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் பாடசாலை நீச்சல் போட்டிக்குப் போனால் அதே பிள்ளை விதியில் மாட்டிக்கொள்கிறது. எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவன் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சல்) முதலாவதாக வந்து, சுவரை ஒரு கையால் தொட்டான். நடுவர் கையை உயர்த்தினார், தகுதியிழப்பு, அவ்வளவுதான். கடலில் தொடுவதற்குச் சுவர் ஏது, அவனுக்கு எப்படித் தெரியும்?

பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை (வண்ணத்துப்பூச்சி நீச்சல்) இரண்டிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கால்கள் இரண்டும் ஒரேமாதிரி உதைக்க வேண்டும். கடலில் பழகியவர்கள் பலர் கத்தரிக்கோல் போல ஒரு காலை மேலும் கீழும் வீசுவார்கள், அதற்கும் தகுதியிழப்புத்தான். பேக் ஸ்ட்ரோக்கை மல்லாந்தபடியே முடிக்க வேண்டும், கடைசி நேரத்தில் குப்புறத் திரும்பிச் சுவரைப் பிடிக்கக் கூடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தவிர்ந்த மற்ற மூன்றிலும் (பட்டர்ஃபிளை, பேக் ஸ்ட்ரோக், விரும்பிய பாணியில் நீந்தும் பிரீஸ்டைல்), குதித்த பின்னும் திரும்பிய பின்னும் 15 மீற்றருக்குள் தலை நீருக்கு மேல் வந்துவிட வேண்டும். இது சுழியோடிப் பழகிய பிள்ளைகளுக்கு வைத்த பொறி என்றே எனக்குத் தோன்றும். மூச்சடக்கி வெகுதூரம் போவதைப் பெருமையாக நினைப்பார்கள்.

பிரீஸ்டைலில் விதிகள் இளகியவை. களைத்தால் தடாகத்தின் அடியில் கால் ஊன்றி நிற்கலாம், நடக்கத்தான் கூடாது. பாதை பிரிக்கும் கயிற்றைப் பிடித்து இழுக்கவும் கூடாது. சைகைக்கு முன் குதித்தால் முதல் தடவையே வெளியே. இரண்டாவது வாய்ப்பு என்ற பழைய வழக்கம் இப்போது இல்லை. ஒருவர் பின் ஒருவராக அணியாக நீந்தும் அஞ்சல் போட்டியில் முன்னவர் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழும்பினால் அணி முழுவதும் போச்சு.

சரி, பெயர் எப்படிக் கொடுப்பது? பாடசாலைப் போட்டிகளுக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது, பாடசாலை வழியாகத்தான் போக வேண்டும். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிகள் உண்டு. நீச்சல் எந்தப் படியில் தொடங்குகிறது, வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதையெல்லாம் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் அந்த வருடச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் தயாராக வைத்திருங்கள். "எங்கட பள்ளிக்கூடத்தில நீச்சல் அணியே இல்லையே" என்பார்கள். ஒரு பிள்ளை இருந்தாலும் பெயர் அனுப்ப முடியுமா என்று அதிபரிடம் நேரே கேட்டுவிடுங்கள். கேட்காமலே விட்டவர்கள்தான் இங்கே அதிகம்.

பயிற்சிக்குக் கடல் நல்லதுதான், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் மாசி வரைக்கும் இந்தக் கரையில் கடலை நம்ப முடியாது. உப்புநீர் உடலைத் தூக்கிக் கொடுக்கும். நன்னீரில் அதே பிள்ளையின் இடுப்புத் தாழும். அதனால் போட்டிக்கு முன் சில வாரங்களாவது தடாகத்தில் இறக்குங்கள். நிலாவெளிப் பக்க ஹோட்டல் தடாகம் கிடைத்தால், நேரான இரு சுவர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 25 மீற்றர் தடாகத்தில் எடுத்த நேரத்தைக் கொழும்பு சுகததாச அரங்கின் 50 மீற்றர் தடாக நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. குட்டைத் தடாகத்தில் சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்புக் கூடுதல், நேரம் குறைவாகவே வரும்.

இதனால் படிப்புக்கு ஏதும் பயனுண்டா என்று கேட்கும் பெற்றோருக்கு: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சிறந்தவர்களுக்கு விசேட அனுமதி வழி ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியும் உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தபட்சப் புள்ளியும் இல்லாமல் பதக்கத்தை மட்டும் காட்டி நுழைய முடியாது. இடங்களும் மிகக் குறைவு. விண்ணப்பத்தோடு சான்றிதழ்கள் கேட்பார்கள், ஆகவே ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே பெயரின் எழுத்துகளைப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் வழங்கியவரிடமே அந்த வாரமே திருத்திக் கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்து அதிகாரி மாறிய பிறகு அலைய வேண்டாம்.