காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடவில்லையா? அக்குளைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒருவர். எட்டு நாள் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, கண் மஞ்சள். "டைஃபாய்டுக்கு ஊசி போட்டுக்கிட்டுதான் இருக்கோம் டாக்டர், இறங்கவே மாட்டேங்குது" என்றார் மனைவி. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. அவருக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச்சிறிய உண்ணியின் லார்வா கடிக்கும்போது ஒரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. கடித்த இடத்தில்தான் அந்தக் கருப்புப் பொருக்கு. பத்து நாள் வாக்கில் காய்ச்சல். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பிப்ரவரி வரை இதன் காலம்.

டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே டைஃபாய்டு என்று யார் சொன்னது? அந்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. எப்போதோ டைஃபாய்டு வந்திருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், சில சமயம் வேறு காய்ச்சலிலும் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்து முடிவு கட்டாதீர்கள். டைஃபாய்டு சந்தேகம் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, எடுக்க வேண்டும்.

அடுத்தது, "பெரிய ஊசி போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்" என்ற நம்பிக்கை. சாகாது. டைஃபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியோ நம் ரத்தக்குழாயின் உள்வரிச் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. அந்த ஊசிக்கு மசியாது. செல்லுக்குள் போய் வேலை செய்வது டாக்ஸிசைக்ளின், விலை மலிவான மாத்திரை. நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதுக்குப் பின்னால், அரைஞாண் கட்டும் இடம், எல்லாம் பாருங்கள். பெண்கள் கூச்சப்பட்டால் நர்ஸ் பார்க்கட்டும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. ஸ்க்ரப் டைஃபஸுக்கு எடுக்கும் ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை, முதல் சில நாளில் நெகட்டிவாக வரலாம். ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயலுக்கோ ஆடு மேய்க்கவோ போனால் முழுக்கை, முழுக்கால் உடை. புல்தரையில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். துணியைப் புதர்மேல் காயப்போடவே கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், போட்டிருந்த துணியையும் துவையுங்கள். ஆளிடமிருந்து ஆளுக்கு இது ஒட்டாது. நோயாளியின் தட்டை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு. தயவுசெய்து, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "காட்டு வேலைக்குப் போனேன், ஸ்க்ரப் டைஃபஸும் பாருங்க."