கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலே நோயா?

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை டாக்டர், ஆனா ரிப்போர்ட்ல கிருமி இருக்குன்னு போட்டிருக்கே?" யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் இப்படித்தான் பதறுகிறார்கள். காய்ச்சல் இருக்காது, நீர்க்கடுப்பு இருக்காது. நுண்ணுயிரியல் மருத்துவராக அந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த ரிப்போர்ட்டில் அதிகம் வரும் பெயர் ஈ.கோலை என்ற பாக்டீரியா. கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய மெக்கான்கி அகர் தட்டில் சிறுநீரைத் தீற்றி 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால், காலையில் ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாக வளர்ந்திருக்கும். பிறந்த சில நாட்களிலேயே நம் பெருங்குடலில் குடியேறுவதும் இந்த இனம்தான். அங்கே வைட்டமின் கே தயாரிக்கிறது, வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிகளுக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்கிறது. சிறுநீர்ப்பைக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது. சில ஈ.கோலை வகைகளின் மேல் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றின் நுனியில் இருக்கும் புரதம் சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் கொக்கி போலப் பற்றிக்கொள்ளும். சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போனாலும் அடித்துக்கொண்டு போகாது. அப்புறம் வீக்கம், எரிச்சல், காய்ச்சல்.

எல்லா ஈ.கோலையும் இப்படிச் செய்வதில்லை. வயதானவர்கள், சர்க்கரை நோயுள்ள பெண்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்கள் பலரிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தும் எந்தத் தொந்தரவும் இராது. அவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகள் விதிவிலக்கு: கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடக்கூடும் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை கட்டாயம். சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே கொடுப்போம்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? எனக்குக் கவலை அங்கேதான். மாத்திரை சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாக்களையும் கொல்கிறது. அவற்றில் சில, பித்த அமிலங்களை மாற்றியமைத்து 'சி.டிஃப்' என்ற கிருமியை வளரவிடாமல் தடுப்பவை. அவை போய்விட்டால் சி.டிஃப் பெருகி நச்சைச் சுரக்கும். விடாத வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இந்த நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களின் குடலுக்குள் ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசலைச் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணமானது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தபோது குணமானது 13 பேரில் 4 பேருக்குத்தான். இழந்த பாக்டீரியாக்கள் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள்!

சரி, என்ன செய்யலாம்? சோதனைக்குக் கொடுக்கும்போது முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். எரிச்சல், காய்ச்சல் உண்டா, கர்ப்பமா என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அது தெரியாமல் ரிப்போர்ட்டுக்குப் பொருள் சொல்வது எங்களுக்கும் கடினம். குளிர்காய்ச்சலோடு விலாப்புறத்தில் வலியும் இருந்தால் கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.