ஏனுங்க சார், கரண்டு வைக்கலீங்களா?

இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பலர் நேராகக் கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்துவிடுகிறார்கள். பிசியோதெரபி என்றால் கரண்டு வைப்பது, அதாவது தோலில் பட்டை ஒட்டி மெஷினால் லேசான மின்சாரம் பாய்ச்சுவது என்றே ஊரில் ஆகிப்போனது. கரண்டும் ஒத்தடமும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தடிக்கும் வலி அதில் தீராது. நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியைப் பரிந்துரைத்த அது, இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துப் பிடிக்கும் ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் எனப்படும் அந்தக் கரண்டு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. மெஷின்களை வாங்கிப்போட்டிருக்கும் எங்களுக்கு அவ்வளவு இனிப்பான செய்தி இல்லைதான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு அக்கா, எம்ஆர்ஐ ஃபிலிமோடு வந்தார். "டிஸ்க்கு விலகிப்போச்சுங்களாம். குனியவே கூடாதுன்னுட்டாங்க." கழற்றிவிட்ட செருப்பை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னேன். மேஜையைப் பிடித்து, மூச்சை அடக்கி, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் மடக்கி இறங்கினார். வலியைவிடப் பயம்தான் அவரை அதிகம் இறுக்கியிருந்தது. ரிப்போர்ட்டில் இருந்தது டிஸ்க் பல்ஜ், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருப்பது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கும் இதே பல்ஜ் இருந்தது. அதற்காக அவருடைய வலி பொய் என்று அர்த்தமில்லை. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது, அவ்வளவுதான்.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையும் முழங்காலும் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்துவது. "ஏனுங்க சார், கரண்டு வைக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அப்புறம் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்குவது, பிறகு ஐந்து கிலோ, கடைசியில் தண்ணீர்க் குடம். வேலையில் ஒரு பண்டில் தைத்து முடித்ததும் எழுந்து நான்கு எட்டு நடக்க வேண்டும். சூப்பர்வைசர் முறைப்பார், தெரியும். முதல் வாரத்தில் வலி கொஞ்சம் கூடலாம். கூடியது மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அதே பயிற்சியைத் தொடரலாம், இறங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த அக்கா கரண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

தசைக் கிழிசலில் கதை வேறு. கபடியில் பின்தொடை 'படக்'கென்று இழுத்துக்கொண்டால் அன்றைக்கே எண்ணெய் போட்டு அழுத்தி நீவிச் சுளுக்கு எடுக்கிறார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் தசையை நீவினால் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாள் அமுக்கமாக ஒரு கட்டு, காலை உயர்த்தி வைப்பது, வலி இடம் கொடுக்கும் அளவுக்கு நடை, இது போதும். ஆனால் ஓய்வு என்று மாதக்கணக்கில் படுக்கவும் கூடாது. டென்மார்க்கில் தொடை, கெண்டைக்கால் தசை கிழிந்த விளையாட்டு வீரர்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கியவர்கள் ஒன்பதாம் நாள் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாக ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். வலி போனதுமே களத்தில் இறங்குகிற பையன்கள்தான் அதே இடத்தைத் திரும்பக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு காலிலும் பலம் சமமாகி, முழு வேகத்தில் ஓடிப் பார்த்த பிறகுதான் ரெய்டு.

இன்னொன்று. இடுப்பு வலியோடு சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ராத்திரியானாலும் சரி. காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தது, கீழே விழுந்தது, இவற்றில் ஏதாவது இருந்தாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் நாங்கள்.