மூன்று பவுண்டு பஸ்ஸில் மலையடிவாரம்: வட இங்கிலாந்தில் நடக்கப் போகிறவர்களுக்கு என்னென்ன உரிமை?

இங்கிலாந்தில், லண்டனைத் தவிர மற்ற ஊர்களில், உள்ளூர் பஸ்ஸின் ஒருவழி டிக்கெட்டுக்கு 3 பவுண்டு என்ற உச்சவரம்பு இருக்கிறது. ஊருக்குள் நாலு ஸ்டாப் போகிறவருக்கு இதில் பெரிய லாபமில்லை. நெடுந்தூரம் போகிறவருக்குத்தான் இது கொடுப்பினை. கெண்டலில் ஏறி விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் தாண்டி கெஸ்விக் வரை, ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டின் நடு வழியாகப் போகும் 555-ம் எண் பஸ்ஸில் ஏறக்குறைய 30 மைல் உட்கார்ந்து வந்தாலும் அதே 3 பவுண்டுதான்.

கார் இல்லாமல் அந்தப் பக்கம் மலையேறப் போக முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். போகலாம். அதற்கு மூன்று ஏற்பாடுகள் துணை நிற்கின்றன. இந்தக் கட்டண வரம்பு ஒன்று. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான இலவச பாஸ் இன்னொன்று. அடுத்தவர் நிலத்தின் மேல் நடந்து போகச் சட்டம் தரும் உரிமை மூன்றாவது. ஆனால் திரும்பி வர பஸ் இருக்கும் என்று இந்த மூன்றில் எதுவும் உத்தரவாதம் தருவதில்லை. அதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டண வரம்பு

2023 ஜனவரியில் 2 பவுண்டாக ஆரம்பித்த திட்டம் இது. முதலில் மூன்று மாதத்துக்கு என்றார்கள், அப்புறம் நீட்டிக்கொண்டே போனார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது 3 பவுண்டு ஆனது. 2027 மார்ச் வரை தொடரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. மான்செஸ்டர் பெருநகரம் போன்ற சில இடங்கள் 3 பவுண்டு வந்த பிறகும் தங்கள் எல்லைக்குள் குறைந்த கட்டணத்தையே வைத்துக்கொண்டன.

இதற்கு விண்ணப்பம், அட்டை, பதிவு எதுவும் தேவையில்லை. குடியுரிமையோ விசாவோ யாரும் கேட்பதில்லை. சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் இதே விலைதான். ஏறும்போது டிரைவரிடம் போகும் இடத்தைச் சொல்லி, கார்டைத் தட்டினால் போதும். வழக்கமான கட்டணம் 3 பவுண்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் குறைந்த தொகையைத்தான் எடுப்பார்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வரம்பு ஒரு பயணத்துக்குத்தான். பஸ் மாறினால் மறுபடியும் டிக்கெட் எடுக்க வேண்டும். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ் என்றால் 12 பவுண்டு ஆகிவிடும். அப்படிப்பட்ட நாளில் அந்தக் கம்பெனியின் ஒருநாள் டிக்கெட் என்ன விலை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அடுத்தது, பஸ் கம்பெனிகள் விரும்பித்தான் இந்தத் திட்டத்தில் சேர்கின்றன. பெரிய கம்பெனிகள் அநேகமாக எல்லாமே இருக்கின்றன. சுற்றுலாவுக்கென்றே ஓடும் வண்டிகளும் நெடுந்தூர கோச்சுகளும் இதில் வராது.

இலவச பாஸ்

2008 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் எந்த கவுன்சில் (உள்ளாட்சி) கொடுத்த பாஸாக இருந்தாலும் நாடு முழுக்க உள்ளூர் பஸ்களில் செல்லும். லெஸ்டரில் வாங்கிய பாஸைக் கெஸ்விக்கில் காட்டி ஏறலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் செல்லாது.

வயதின் பேரில் வாங்குகிறவர் அரசு ஓய்வூதிய வயதை எட்டியிருக்க வேண்டும். அது 66, 2026 ஏப்ரலில் தொடங்கி 2028-க்குள் படிப்படியாக 67 ஆகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வயது நிபந்தனை இல்லை. பார்வை, செவித்திறன், பேச்சு, நடை ஆகியவற்றில் கடுமையான குறைபாடு உள்ளவர்களும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் கேட்கலாம். உடல்நிலை காரணமாக ஓட்டுநர் உரிமம் மறுக்கப்படக்கூடியவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: ஊரிலிருந்து ஆறு மாத விசிட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இது கிடைக்குமா? கிடைக்காது. இங்கிலாந்தில் நிரந்தர வீடு இருப்பவருக்குத்தான் பாஸ். அவர்களுக்கும் 3 பவுண்டு டிக்கெட்தான்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30-லிருந்து இரவு 11 மணி வரை பாஸ் செல்லும். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நாள் முழுக்க. கிராமப்புறத்தில் இந்த 9.30 விதி கொஞ்சம் இடைஞ்சல். நாளுக்கு மூன்று பஸ் ஓடும் பள்ளத்தாக்கில் காலை பஸ் 9.10-க்குக் கிளம்பினால் அடுத்ததற்கு மதியம் வரை காத்திருக்க வேண்டும். சில கவுன்சில்கள் தங்கள் செலவில் இந்த நேரத்தைத் தளர்த்தியிருக்கின்றன. கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். பாதிக்கு மேல் இருக்கைகளை முன்பதிவுக்கு விடும் வண்டிகள், சுற்றுலாவுக்காகவே ஓடும் வண்டிகள், ஆறு வாரத்துக்கும் குறைவாக ஓடும் சேவைகள் ஆகியவற்றைச் சட்டமே பாஸிலிருந்து விலக்கியிருக்கிறது.

இறங்கியபின் எங்கே நடக்கலாம்?

1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து சில நூறு பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள், கிண்டர் ஸ்கௌட் மேட்டின் மேல் அனுமதியில்லாமல் ஏறினார்கள். கௌதாரி வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம் அது. வேட்டை நிலத்தின் காவலாட்களோடு கைகலப்பு ஏற்பட்டு, ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949-ல் வந்தது. திறந்த மேட்டுநிலத்தில் நடக்கும் உரிமை முழுதாகச் சட்டப் புத்தகத்தில் ஏற 2000 வரை ஆயிற்று. இங்கிலாந்து முழுக்க அது நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 31-ல்.

இன்று உங்களுக்குள்ள உரிமை இரண்டு வகை. பொது நடைபாதை என்று பதிவான தடத்தில், அது யாருடைய வயலின் குறுக்கே போனாலும், எப்போதும் நடக்கலாம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. இங்கே தடத்தை விட்டு விலகக் கூடாது. இன்னொரு வகை, 2000-ம் ஆண்டுச் சட்டப்படி வரைபடத்தில் குறிக்கப்பட்ட மலை, மேட்டுப் புதர்நிலம், பொதுப் புல்நிலம். அங்கே தடம் இல்லாமலும் நடக்கலாம். குன்றின் மேல் ஓர் ஆள் நடப்பதுபோன்ற பழுப்பு வட்ட அடையாளம் தெரிந்தால் அந்த நிலம் தொடங்குகிறது என்று பொருள். அரசின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் வெளிர்மஞ்சள் நிறமாக இருக்கும்.

அங்கே கூடாரம் போடுவது, நெருப்பு மூட்டுவது, சைக்கிள் ஓட்டுவது இந்த உரிமையில் அடங்காது. நாயோடு போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரையிலும், ஆடுமாடு பக்கத்தில் இருக்கும் எந்த நாளிலும், 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கௌதாரி மேடுகளில் நாயை முழுக்கத் தடுக்கவும் உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. பறவைக்காக அன்றே மனிதரை விரட்டிய நிலம் அல்லவா!

சில வழிகள்

கார் வைத்திருப்பவர் எங்கே கிளம்பினாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் யோசனை: காலையில் பஸ்ஸில் தொலைவில் உள்ள முனைக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து தங்குமிடம் இருக்கும் ஊரை நோக்கி நடந்து வாருங்கள். நடை தாமதமானாலும் கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றம் இருக்காது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கிராஸ்மியரிலிருந்து ஆம்பிள்சைடு வரை உள்ள பழைய சவப்பாதை. ஆம்பிள்சைடில் அடக்கம் செய்ய இடம் இல்லாத காலத்தில் பிணத்தை கிராஸ்மியரின் செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயத்துக்குச் சுமந்துபோன வழி அது. பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய கல் இன்னும் ஓரத்தில் கிடக்கிறது. ரைடல் ஏரிக்கு மேலே, மரநிழலில், அதிக ஏற்றமில்லாமல் போகும் பாதை. மொத்தம் நாலைந்து மைல்தான். கீழே சாலையில் 555-ம், கோடையில் மேல்தளம் திறந்த 599-ம் ஓடுவதால் ரைடலில் முடியவில்லை என்றால் இறங்கி பஸ் பிடித்துக்கொள்ளலாம். பெரியவர்களை அழைத்துப் போக இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் நடக்க முடிந்தவர்கள் கெஸ்விக்கில் 78-ம் எண் பஸ்ஸில் ஏறி ராஸ்த்வெயிட்டில் இறங்கி, கம்ப்ரியா வே தடத்தில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையோடு கெஸ்விக்குக்கே நடந்து வரலாம். கால் வலித்தால் ஏரியில் படகுத்துறைகள் இருக்கின்றன. மழைக்கோட்டை மறந்துவிடாதீர்கள்: இந்தப் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மனிதர் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது, ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல்.

நார்தம்பர்லாண்டில் ஹெக்ஸம், ஹால்ட்விசில் ஊர்களுக்கிடையே ஓடும் பஸ்ஸின் எண் ஏடி122. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122-ஐத்தான் வைத்திருக்கிறார்கள். சில் என்ற பார்வையாளர் மையத்தில் இறங்கி, ஸ்டீல் ரிக் என்ற மேட்டில் ஏறி, பாறை விளிம்பில் சுவரை ஒட்டியே ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு மூன்று மைலுக்குச் சற்று மேல். ஏறி இறங்கி ஏறும் பாதை, முட்டி வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக வெட்டிச் சாய்க்கப்பட்ட சிக்கமோர் மரத்தின் அடிக்கட்டை நடுவில் வரும். அது மறுபடி துளிர்விட்டிருக்கிறது. கோட்டை வாசலில் அதே பஸ்ஸைப் பிடித்துத் திரும்பலாம்.

பஸ் வருமா?

1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பஸ் ஓட்டுவது தனியார் கைக்கு விடப்பட்டது. லாபம் தரும் தடத்தைக் கம்பெனி ஓட்டும், லாபம் தராததை கவுன்சில் பணம் கொடுத்து ஓட்டச் சொல்லலாம். கவுன்சிலிடம் பணம் இல்லாவிட்டால் பஸ்ஸும் இல்லை. கிராமத்தில் முதலில் அடிபடுவது ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஓட்டையை சில இடங்களில் தன்னார்வலர்கள் அடைக்கிறார்கள். யார்க்ஷயர் டேல்ஸில் டேல்ஸ்பஸ், நார்த் யார்க் மூர்ஸில் மூர்ஸ்பஸ். இரண்டுமே லாப நோக்கமில்லாத அமைப்புகளின் ஏற்பாடு. நன்கொடையையும் நம்பி நடப்பவை. டேல்ஸ்பஸ் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லீட்ஸ் போன்ற நகரங்களிலிருந்து மக்களை வார்ஃப்டேல் பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோய் விடுகிறது. மூர்ஸ்பஸ் கோடைகாலச் சேவை.

அட்டவணை கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மாறும். போன வருடம் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். ட்ராவல்லைன் தளத்திலோ கம்பெனியின் தளத்திலோ போகிற தேதியைப் போட்டுப் பாருங்கள். பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் வண்டியை விடுமுறையில் போய்த் தேடுகிறவர்கள் நிறைய. திரும்பும் பஸ்ஸின் நேரத்தைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைக் குறிவைத்து நடையைத் திட்டமிடுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கிராமச் சாலையில் பஸ் வரும்போது தெளிவாகக் கையைக் காட்ட வேண்டும், ஆள் நிற்கிறார் என்பதற்காக மட்டும் டிரைவர் நிறுத்த மாட்டார்.