சான்றிதழோடு சாட்சிக் கூண்டில் ஏறாதீர்கள்

நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட இன்னோர் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை குறுக்கு விசாரணையில் கந்தலாகிவிட்டது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு. அறிக்கை எழுதியவரிடம் இருந்தது தடயவியல் உளவியலில், அதாவது நீதிமன்றத்துக்காக மனநிலையை மதிப்பிடும் துறையில், சில மாத இணையவழிச் சான்றிதழ். தாயை மட்டும் சந்தித்துவிட்டு, கண்ணாலும் கண்டிராத தந்தைக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதியிருந்தார். இப்படிப்பட்டவற்றைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

தடயவியல் உளவியலில் முதுநிலைப் படிப்பு பற்றிக் கேட்டு வருகிறவர்களில் பலரின் கனவில் இருப்பவன் தொடர் கொலைகாரன்! குற்றம் நடந்த இடத்தைப் பார்த்ததும், "இடக்கைப் பழக்கமுள்ளவன், தாயை வெறுப்பவன்" என்று சொல்லிவிடும் நிபுணராக வேண்டுமாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில்கூட அந்த வேலையைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் புலனாய்வு அதிகாரிகள்தான். தடயவியல் உளவியலாளர்களான எங்களிடம் நீதிமன்றம் கேட்பது வேறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் மீதான வழக்கு புரிகிறதா? வழக்கறிஞருடன் ஒத்துழைக்க முடியுமா? வெளியே விட்டால் மீண்டும் வன்முறையில் இறங்குவாரா? காட்டுவது நோயா, நடிப்பா? இதற்காகச் சிறையில் நேர்காணல், பழைய மருத்துவக் கோப்புகள், சோதனை மதிப்பெண்கள், பிறகு அறிக்கை. அதன்மேல் இன்னோர் அறிக்கை. மனத்தை 'வாசிக்க' யாரும் அழைப்பதில்லை.

(குற்ற உணர்வோ இரக்கமோ இல்லாத 'சைக்கோபதி' ஆளுமையை அளக்கும் ஹேர் அளவுகோலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். பயிற்சி பெற்றவர் கோப்புகளைப் படித்துப் போட வேண்டியது அது. மேலதிகாரிக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் மாணவர்களே, போதும்.)

பிரிட்டனில் 'தடயவியல் உளவியலாளர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். முதுநிலைப் பட்டம் பெற்றவுடன் அதைச் சூட்டிக்கொள்ள முடியாது; மேற்பார்வையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பணிசெய்ய வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக முனைவர் பட்டமும் மாநில உரிமமும் தேவை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: இந்தப் பட்டம் உங்கள் நாட்டில் உரிமம் பெற உதவுமா? களப்பயிற்சி எங்கே? மேற்பார்வையாளர் எப்போதாவது நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரா? பதிலில் மழுப்பல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டத்தின் பெயரில் 'தடயவியல்' இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். மனச்சிதைவு நோயாளியுடன் ஒரு மணி நேரம் பேசத் தெரியாதவருக்கு அந்தச் சொல் எதற்கு?

நீங்களே சிகிச்சை அளித்த ஒருவரை நீதிமன்றத்துக்காக மதிப்பிட ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சிறையில் இருப்பவர் உங்களைத் தன்னைக் குணப்படுத்த வந்தவராக நினைத்து மனம் திறப்பார். இங்கே சொல்வது நீதிபதியின் மேசைக்குப் போகும் என்பதை, தயவுசெய்து, முதல் கேள்விக்கு முன்பே அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.