எக்ஸ்டிங்ஷன்: அழிதலா, தணிதலா?

நடத்தை நரம்பியல் ஆய்வகத்தில் நாள்தோறும் புழங்கும் சொல் ‘எக்ஸ்டிங்ஷன்’. டோடோ பறவை உலகிலிருந்து அற்றுப்போனதையும் உயிரியலார் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அந்த நினைவில் தமிழில் இதை ‘அழிவு’ என்று எழுதினால், சோதனையின் பொருளே தலைகீழாகிவிடும்.

சோதனை இதுதான். எலியை ஒரு சிறு பெட்டியில் விட்டு ஓர் ஒலியை எழுப்புகிறோம். ஒலி முடியும் தறுவாயில் தரைக்கம்பிகள் வழியே மெல்லிய மின்னதிர்ச்சி. சில முறை இப்படி நடந்தபின், ஒலியைக் கேட்டதுமே எலி அசையாமல் உறைந்து நிற்கும். அடுத்த நாள் முதல் ஒலி மட்டும்தான், அதிர்ச்சி இல்லை. உறைந்து நிற்கும் விநாடிகள் மெல்லக் குறைகின்றன. இந்தக் குறைவே எக்ஸ்டிங்ஷன்.

ஆனால் அச்சம் போய்விடவில்லை. சில வாரங்கள் சும்மா விட்டு அதே ஒலியை எழுப்பினால் எலி மறுபடி உறைகிறது. பெட்டியின் தரையையும் வாசனையையும் மாற்றினாலும் உறைகிறது. பழைய நினைவு, மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் இருந்தபடியே இருக்க, ‘இந்த ஒலியால் இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன்மேல் படிகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி அச்சத்துக்குக் கடிவாளம் பிடிக்கிறது. நாய்களின் உமிழ்நீர்த் துளிகளை எண்ணிய ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் இதை அன்றே கண்டார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியின் ஒலியோடு உணவு தந்து பழக்கினால், ஒலிக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும். பிறகு உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டால் உமிழ்நீர் நின்றுவிடும். ஓய்வு கொடுத்தால் மீண்டும் சுரக்கும். அழிந்த ஒன்று எப்படித் திரும்பும்? உள்ளிருந்து ஒரு தடுப்பு எழுகிறது என்றே அவர் விளக்கினார்.

அவர் ரஷ்ய மொழியில் வைத்த பெயர் ‘உகஸானியே’, நெருப்பு அடங்கிப்போதல். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் (‘எக்ஸ்டிங்குவெரே’) நெருப்பை அணைப்பதையே சொல்கிறது. ஆக, வேரில் இருப்பது தீ. நம்மிடமோ ‘நீறு பூத்த நெருப்பு’ என்ற தொடரே இருக்கிறது. இந்தச் சோதனையின் முடிவை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் கேட்டதில்லை.

கலைச்சொல்லாக எதை எடுப்பது? ‘அணைதல்’ நேர்ப்பொருள்தான், ஆனால் முற்றும் முடிந்துவிட்ட தொனி அதில் இருக்கிறது. ‘அவிதல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். விளக்கு அவிவதும் அதுதான், புறநானூற்றில் பிசிராந்தையார் ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்’ என்று மனம் அடங்கியதைச் சொன்னதும் அதுதான். இன்றோ அவித்தல் என்றதும் இட்லிதான் நினைவுக்கு வருகிறது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

எஞ்சுவது ‘தணிதல்’. தீ தணியும், சினம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். தணிந்த தாகம் மீண்டும் எடுக்கும் என்பது எவருக்கும் தெரியும். அந்த அறிவு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அச்சம் தணிகிறது, ஆய்வாளர் அதைத் தணிக்கிறார் என்று தன்வினை, பிறவினை இரண்டும் இயல்பாகக் கிடைக்கின்றன. அச்சநோய்க்கு இதே வழியில் சிகிச்சை பெறுபவரிடம் ‘உங்கள் பயம் அழிந்துவிட்டது’ என்று சொல்லி அனுப்பினால், அது திரும்பும் நாளில் அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். ‘தணிந்திருக்கிறது’ என்பதே உண்மை.

தணிந்த அச்சம் நாள் கழித்துத் தானே திரும்புவதைத் ‘தன்மீட்சி’ எனலாம். இடம் மாறியதால் திரும்புவதை இப்போதைக்கு ‘சூழல் மீட்சி’ என்று எழுதி வருகிறேன்.